இறாலுக்கு வலிக்குமா? தாய் இறாலின் கண் காம்பை வெட்டுவது ஏன்? ஆய்வுகள் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் இறால் வாங்கும்போது நாம் கேட்பது ரெண்டே கேள்விதான். கிலோ என்ன விலை? உரிச்சுத் தருவீங்களா? அந்த இறாலுக்கு வலிச்சிருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். அதற்குக் கிடைத்துவரும் பதில்கள் இறால் பண்ணைத் தொழிலையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றத் தொடங்கியுள்ளன.

இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறாலில் இருந்துதான் வருகிறது. அதனால் இது நமக்குத் தொடர்பில்லாத ஆராய்ச்சி இல்லை.

எத்தனை இறால்கள்?

ஆடு, கோழி என்றால் எண்ணிக்கையில் சொல்வோம். இறாலை டன் கணக்கில்தான் சொல்கிறார்கள். அதை எண்ணிக்கையாக மாற்றிப் பார்த்தது ரீதிங்க் ப்ரையாரிட்டீஸ் என்ற ஆய்வு அமைப்பு. அதன் மதிப்பீட்டின்படி, பண்ணைகளில் ஆண்டுக்குச் சுமார் 44,000 கோடி இறால்கள் கொல்லப்படுகின்றன. கடலில் பிடிபடுபவை சுமார் 25 லட்சம் கோடி. இது தோராயக் கணக்குதான். கடலில் பிடிபடுபவற்றில் பெரும்பகுதி மிகச் சிறிய கூனி இறால்கள். நம்ம ஊரில் காயவைத்து விற்கும் சென்னாக்குன்னிக்கு உறவு என்று சொல்லலாம்.

வலி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சூடான பாத்திரத்தில் கை பட்டால், வலி தெரியும் முன்பே கையை இழுத்துவிடுகிறோம். அது அனிச்சைச் செயல். இறால் துள்ளுவதும் அப்படிப்பட்டதுதானா, இல்லை அதற்கு உண்மையிலேயே வலிக்கிறதா என்பதுதான் சிக்கலான கேள்வி.

2008-ல் வடக்கு அயர்லாந்தின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சிறிய கடல் இறால்களின் ஒரு உணர்கொம்பில் மட்டும் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவினார்கள். இறால்கள் அந்தக் கொம்பை மட்டும் நீண்ட நேரம் நீவிவிட்டன, தொட்டியின் சுவரில் தேய்த்தன. மரத்துப்போகும் மருந்தை முன்கூட்டியே தடவியபோது இது குறைந்தது. வெறும் அனிச்சைச் செயல் என்றால் ஒரே துள்ளலில் முடிந்திருக்கும் என்பது அவர்களின் வாதம்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. 2010-ல் அமெரிக்காவில் வேறு வகை இறால்களிலும் நன்னீர் கல் இறாலிலும் அமிலம் வைத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அப்படி எந்த எதிர்வினையும் கிடைக்கவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ல் பிரிட்டன் அரசு கேட்டுக்கொண்டதால், லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் பேராசிரியர் ஜொனாதன் பிர்ச் தலைமையிலான குழு 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியது. வலியை உணரும் நரம்புகள் உள்ளனவா, அவை மூளையோடு இணைந்துள்ளனவா, மரத்துப்போகும் மருந்து வேலை செய்கிறதா என 8 அளவுகோல்களை வைத்துப் பார்த்தது. நண்டுகளுக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. பண்ணையில் வளர்க்கும் இறால் வகைகளுக்கு ஆதாரம் குறைவாகவே இருந்தது. இந்த வகைகளில் ஆய்வுகளே குறைவு என்பது அதற்கு முக்கியக் காரணம்.

ஆனாலும், சந்தேகம் இருக்கும்போது பாதுகாப்பின் பக்கம் நிற்பதே சரி என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 2022-ல் பிரிட்டன் கொண்டுவந்த விலங்கு உணர்வுச் சட்டத்தில் இறால், நண்டு, கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் இடம்பிடித்தன.

இந்தியாவின் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதனைத் தவிர்த்த எந்த உயிரினத்தையும் 'விலங்கு' என்றே வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் இறாலும் வரும்.

கண் காம்பை வெட்டுவது ஏன்?

இறால் நலன் பற்றிய பேச்சில் அதிகம் அடிபடும் விஷயம் இதுதான். குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளில் தாய் இறால்கள் தானாக எளிதில் சினைப்பிடிப்பதில்லை. இறாலின் கண் காம்புக்குள் இருக்கும் ஒரு சுரப்பி, சினைப்பை வளர்வதைத் தடுக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஒரு கண் காம்பை வெட்டினால், நசுக்கினால் அல்லது சூடு வைத்துத் துண்டித்தால் ஹார்மோன் குறைகிறது. சில நாட்களிலேயே சினை பிடிக்கிறது. மலிவான, வேகமான வழி என்பதால் உலகம் முழுவதும் இது பரவியது.

கண் காம்பை இழந்த இறால்கள் வாலை அடித்துத் துள்ளுவதையும், காயம்பட்ட இடத்தைத் தேய்ப்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மரத்துப்போகும் மருந்து கொடுத்தால் இது குறைகிறது.

இந்தியாவில் 2009-க்குப் பிறகு வனாமி இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. வெளிநாட்டில் இருந்து வரும் தாய் வனாமிகள் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே ஹேச்சரிகளுக்குப் போகின்றன. நோய் இல்லாத தாய் வேண்டும் என்பதில் இவ்வளவு கவனம் காட்டும் தொழில், அந்தத் தாய் படும் பாட்டையும் கவனிக்க வேண்டாமா என்பதே இப்போது எழும் கேள்வி.

வெட்டாமல் விட்டால் விவசாயிக்கு நஷ்டமா?

முட்டை குறையும், செலவு கூடும் என்பதுதான் ஹேச்சரிகளின் பயம். இதை ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சிமாவோ ஸகாரியாஸ் ஆராய்ந்தார். வெட்டப்படாத இறால்கள் முட்டையிடும் வேகம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் முன்கூட்டியே நல்ல தீவனம் கொடுத்துத் தயார் செய்வது, தாய் இறால்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது போன்ற வழிகளில் அதை ஈடுகட்டலாம்.

2021-ல் வெளியான அடுத்த முடிவுதான் விவசாயிகளுக்கு முக்கியம். வெட்டப்படாத தாயின் குஞ்சுகளையும், வெட்டப்பட்ட தாயின் குஞ்சுகளையும் நோய்க்கிருமிகளுக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். குளத்தில் விட்ட சில வாரங்களிலேயே குஞ்சுகளைச் சாகடிக்கும் பாக்டீரியா நோய், 1990-களின் நடுவில் இந்தியப் பண்ணைகளைக் கவிழ்த்த வெள்ளைப்புள்ளி நோய் என இரண்டிலும், வெட்டப்படாத தாயின் வாரிசுகளே அதிகம் பிழைத்தன.

ஒரு குளத்தில் வெள்ளைப்புள்ளி வந்தால் என்ன ஆகும் என்று எந்த இறால் விவசாயியிடமும் கேட்டால் தெரியும். போட்ட முதல், வாங்கிய கடன் எல்லாமே போச்சு. அதனால் இங்கே இறாலின் நலனும் விவசாயியின் நலனும் ஒரே பக்கம் நிற்கின்றன.

குளத்திலும் கடைசி நிமிடத்திலும்

குளத்தில் இறாலை அதிகம் வதைப்பது தண்ணீர்தான். இரவில் பாசிகளும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால் விடியும் நேரத்தில் அளவு அடிமட்டத்துக்குப் போகும். ராத்திரி ஏரேட்டர் நின்றால் விவசாயி பதறுவது அதனால்தான். மிஞ்சிய தீவனமும் கழிவும் அம்மோனியாவாக மாறும். நெருக்கடி கூடக்கூட நோயும் கூடும்.

அறுவடையின்போது பல இடங்களில் இறால்களை ஐஸ் தண்ணீரில் போட்டுக் கொல்கிறார்கள். குளிரில் உணர்விழக்கிறதா, அசையாமல் மட்டும் இருக்கிறதா என்ற சந்தேகம் உண்டு. மாற்றாக, மின்சாரம் பாய்ச்சிச் சில நொடிகளில் உணர்விழக்கச் செய்யும் கருவிகள் வந்துள்ளன. 2021-ல் தொடங்கப்பட்ட ஷ்ரிம்ப் வெல்ஃபேர் புராஜெக்ட் என்ற அமைப்பு இந்தக் கருவிகளை உற்பத்தியாளர்களுக்கு வழங்கிவருகிறது. மின்சாரத்தின் அளவு குறைந்தால் இறால் செயலிழக்குமே தவிர உணர்விழக்காது. எனவே சரியான அளவைக் கண்டறிவதும் ஆய்வின் ஒரு பகுதி.

கடலில் பிடிபடும் இறாலின் கதை வேறு. இழுவை வலையில் மற்ற மீன்களின் எடைக்கு அடியில் நசுங்கியும், படகின் தளத்தில் மூச்சுத் திணறியும் சாகின்றன. இவற்றுக்கான ஆய்வு, பண்ணை இறாலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இனி என்ன?

பிரிட்டனின் டெஸ்கோ போன்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள், கண் காம்பு வெட்டாத தாயிடமிருந்து வந்த, மின்சாரத்தால் உணர்விழக்கச் செய்யப்பட்ட இறால் வேண்டும் என்று சப்ளையர்களிடம் கேட்கத் தொடங்கியுள்ளன. வாங்குபவர் கேட்டால் விற்பவர் மாறித்தான் ஆக வேண்டும்.

இறாலுக்கு வலிக்கிறதா என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க இன்னும் காலம் ஆகலாம். ஆனால் கண்ணை வெட்டாமலே குஞ்சு எடுக்க முடியும், அந்தக் குஞ்சு நோயையும் தாங்கும் என்றால், பதில் வரும்வரை காத்திருக்க ஹேச்சரிகளுக்குப் பெரிய காரணம் இல்லை.