பதினாறு குழந்தைகளும் ஒரு மருந்தும்

1940-களில் ஒரு குழந்தைக்கு 'அக்யூட் லுக்கேமியா' என்னும் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், சில வாரங்களோ சில மாதங்களோதான் ஆயுள். இரத்தம் ஏற்றுவதைத் தவிர மருத்துவர்களால் பெரிதாக எதுவும் செய்ய இயலவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூறியல் நிபுணராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். ஃபோலிக் அமிலம் சிலவகை இரத்தசோகையைக் குணமாக்குகிறதே, லுக்கேமியாவுக்கும் உதவுமா என்று அதன் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நடந்ததோ நேர்மாறு! நோய் இன்னும் வேகமாகப் பெருகியது.

அந்தத் தோல்வியில்தான் அடுத்த யோசனை பிறந்தது. ஃபோலிக் அமிலம் புற்றுநோய்க்குத் தீனி என்றால், அந்தத் தீனியை நிறுத்தினால் என்ன? அதற்கான 'அமினோப்டெரின்' என்ற மருந்தை லெடர்லி ஆய்வகம் தயாரித்துக் கொடுத்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதராடை அணிந்து பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழுடன் வெளியேறியவர்!

1947 இறுதியில் அமினோப்டெரின் சோதனை தொடங்கியது. 1948 ஜூனில் முடிவு வெளியானது. மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். ஆனால் அது தற்காலிகமே. நோய் திரும்பி வந்தது. வாய்ப்புண் போன்ற கடும் பக்கவிளைவுகளும் இருந்தன. பல மருத்துவர்கள் இதை நம்பவில்லை. சாகும் குழந்தைகளை ஏன் மேலும் வதைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானதே. சோதனை மருந்து கொடுக்குமுன் நோயாளியின் ஒப்புதல் பெறவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1962-ல்தான். இன்றும் முதல்கட்டச் சோதனையின் முக்கிய நோக்கம் குணப்படுத்துவது அல்ல. எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று அறிவதுதான். பங்கேற்பவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

1948 ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் உறவு மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. வசதியுள்ள நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இப்போது பிழைக்கிறார்கள். அந்தப் பதினாறு குழந்தைகளுக்குக் கிடைத்ததோ சில மாதங்கள் மட்டுமே. பின்னால் வந்தவர்களின் ஆயுள் அவர்களிடமிருந்து தொடங்கியது.