வெஸ்ட் ஃப்ளாரிசன்ட்: ஒரு சாலையின் கணக்கு

2014ஆம் ஆண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகர்ச் சாலைக்குச் சீரமைப்புத் திட்டம் தயாரானது. சாலையின் பெயர் வெஸ்ட் ஃப்ளாரிசன்ட். ஃபெர்குசன், டெல்வுட் என்ற இரண்டு சிறு நகரங்கள் வழியாகப் போகும் சுமார் 2.6 மைல் நீளத்துக்கான திட்டம் அது. வரைபடங்களில் அகலமான நடைபாதை, சைக்கிள் பாதை, வரிசையாக மரங்கள், உட்கார்ந்து காத்திருக்க வசதியான பேருந்து நிறுத்தங்கள் எல்லாம் இருந்தன.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று, அதே சாலையிலிருந்து பிரியும் கேன்ஃபீல்டு தெருவில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை டேரன் வில்சன் என்ற வெள்ளைக் காவலர் சுட்டுக் கொன்றார். நடுத்தெருவில் நடக்காதே, ஓரமாகப் போ என்று காவலர் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. உடல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தெருவிலேயே கிடந்தது. மறுநாள் இரவு வெஸ்ட் ஃப்ளாரிசன்டில் இருந்த ஒரு பெட்ரோல் பங்க் கடை எரிந்தது. அதன்பின் பல நாட்கள் உலகமே அந்தச் சாலையைத் தொலைக்காட்சியில் பார்த்தது. கண்ணீர்ப்புகை, கவச வண்டிகள், கைகளை உயர்த்தியபடி நின்ற இளைஞர்கள்.

ஃபெர்குசன் என்றதும் நாம் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நகரத் திட்டமிடுபவர்கள் இதுபோன்ற சாலைகளைச் 'சரிந்துவரும்' சாலைகள் என்பார்கள். கடைகள் மூடிக் கிடக்கும், கார் நிறுத்தும் இடங்களில் புல் முளைத்திருக்கும், வாடகை இறங்கியிருக்கும். சரிவு என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ மழை பெய்து மண் சரிந்தது போலத் தோன்றுகிறது. வெஸ்ட் ஃப்ளாரிசன்டின் வரலாற்றைப் புரட்டினால் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு தேதி இருக்கிறது, ஒரு கையெழுத்து இருக்கிறது.

1916இல் செயின்ட் லூயிஸ் நகர மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு தெருப்பகுதியில் 75 விழுக்காட்டினர் ஒரே இனத்தவராக இருந்தால் வேறு இனத்தவர் அங்கே குடியேறக் கூடாது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு நகரத்தின் வழக்கில் இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்றது. சட்டம் போனது, பத்திரம் வந்தது. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற 1948ஆம் ஆண்டின் ஷெல்லி எதிர் கிரேமர் தீர்ப்பு இதே செயின்ட் லூயிஸின் ஒரு வீட்டைப் பற்றியதுதான். அதற்குள் கூட்டரசின் வீட்டுக்கடன் காப்பீடு வெள்ளையர் மட்டும் வாழும் புறநகர்களை வளர்த்து விட்டிருந்தது.

நகருக்குள் 1959இல் மில் கிரீக் வேலி என்ற பகுதியை இடிக்கத் தொடங்கினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 20,000 பேர், அவர்களில் 95 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அவர்களது வீடுகளையும் தேவாலயங்களையும் கடைகளையும் தரைமட்டமாக்கிய திட்டத்தின் பெயரும் 'மறுசீரமைப்பு'தான். 33 அடுக்குமாடிக் கட்டடங்கள் கொண்ட புரூட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு 1950களில் எழுந்தது. 1972இல் அதையும் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். இடம் இழந்தவர்கள் வடக்கே, வடமேற்கே நகர்ந்தார்கள். அந்தத் திசையில்தான் வெஸ்ட் ஃப்ளாரிசன்ட் போகிறது.

அந்தத் திசையில் ஏற்கெனவே ஒரு கறுப்பின ஊர் இருந்தது. கின்லாக். 1948இல் முறைப்படி நகராட்சியானது, மிசூரி மாநிலத்தில் கறுப்பினத்தவர் தங்களுக்கென அமைத்துக்கொண்ட முதல் நகராட்சி. அதன் பக்கத்து ஊர் ஃபெர்குசன். இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று 1960கள் வரை வைத்திருந்த ஊர் அது. இரண்டு ஊர்களையும் இணைக்கும் முக்கியச் சாலையின் குறுக்கே ஃபெர்குசன் சங்கிலி போட்டு அடைத்திருந்தது. இன்னொரு சாலையைப் பகலில் மட்டும் திறந்து வைத்தார்கள். ஏன் தெரியுமா? ஃபெர்குசன் வீடுகளில் சமைக்கவும் குழந்தை பார்த்துக்கொள்ளவும் கின்லாக் பெண்கள் வந்தாக வேண்டுமே! ரிச்சர்ட் ராத்ஸ்டீன் 'ஃபெர்குசன் உருவான கதை'யை எழுதியபோது பதிவுசெய்த விவரம் இது. உத்தப்புரத்துச் சுவரை அறிந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை. சங்கிலி 1968இல் அகற்றப்பட்டது.

சங்கிலி போனாலும் கின்லாக் பிழைக்கவில்லை. 1980களில் லாம்பர்ட் விமான நிலையம் இரைச்சலைக் காரணம் காட்டி அங்கே வீடு வீடாக வாங்கியது. 1990இல் 2,702 பேர் இருந்த ஊரில் 2010இல் 298 பேர்தான் மிச்சம். காலியான நிலத்தின் ஒரு பகுதியில் இன்று நார்த்பார்க் என்ற வணிகப் பூங்கா இருக்கிறது. கின்லாக்கை விட்டுப் போனவர்களில் பலர் ஃபெர்குசன் போன்ற அக்கம்பக்கத்து ஊர்களில் வாடகைக்குக் குடியேறினார்கள்.

இனி சாலைக்கு வருவோம். 1955இல் வெஸ்ட் ஃப்ளாரிசன்டும் லூகஸ்-ஹன்ட் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஜென்னிங்ஸ் என்ற ஊரில், நார்த்லாண்டு என்ற பெரிய வணிக வளாகம் திறந்தது. வெள்ளையர் புறநகரின் பொற்காலம் அது. கார் வைத்திருப்பவருக்காக மட்டுமே போடப்பட்ட சாலை: நான்கு தடம், கடைக்கு முன்னால் மைதானம் போல கார் நிறுத்தம். நடப்பவரை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. பிறகு கறுப்பினக் குடும்பங்கள் வரத் தொடங்கின. ஃபெர்குசன் மக்கள்தொகையில் அவர்கள் 1970இல் 1 விழுக்காடு, 1990இல் 25, 2010இல் 67. வெள்ளையர் இன்னும் மேற்கே, புதிய நெடுஞ்சாலைகள் திறந்துவிட்ட புதிய புறநகர்களுக்குப் போனார்கள். கடைகளும் பின்னாலேயே போயின. கார் இல்லாமல் பேருந்தில் போகிறவர்களும் நடப்பவர்களும் மிகுந்த ஊருக்கு, கார்களுக்காகக் கட்டிய சாலை மிஞ்சியது.

இங்கே வரிக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கதையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் மாவட்டத்தில் 2014இல் 90 நகராட்சிகள் இருந்தன, 81 நகராட்சி நீதிமன்றங்கள் இருந்தன. பல நகராட்சிகளில் நம் ஊர் ஒரு வார்டு அளவுக்குக்கூட மக்கள் இல்லை. 1980இல் வந்த மாநில அரசமைப்புத் திருத்தத்தின்படி வாக்கெடுப்பு இல்லாமல் வரியை உயர்த்த முடியாது. ஆகவே ஒவ்வொரு நகராட்சியும் விற்பனை வரியை நம்பியது. பக்கத்து ஊரின் கடையைத் தன் எல்லைக்குள் இழுக்கப் போட்டி போட்டது. அதற்குப் பயன்பட்ட கருவி 'வரி உயர்வு நிதியளிப்பு'. ஒரு வளாகம் கட்டப்பட்ட பின் அந்த இடத்தில் கூடுதலாகக் கிடைக்கும் சொத்து வரி முழுவதையும், விற்பனை வரி போன்றவற்றில் பாதியையும், 23 ஆண்டுகள் வரை அந்தக் கட்டுமானச் செலவுக்கே திருப்பிவிடலாம். வராத வரியை முன்கூட்டியே அடகு வைப்பது என்று சொன்னால் சரியாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய காசும் அதில் சேர்த்தி.

2011இல் ஒரு ஆய்வு இந்தக் கூத்தின் கூட்டுத்தொகையைச் சொன்னது. இருபது ஆண்டுகளில் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தின் உள்ளாட்சிகள் 580 கோடி டாலருக்கும் மேலான பொதுவரிப் பணத்தைத் தனியார் கட்டுமானங்களுக்குச் சலுகையாகத் திருப்பிவிட்டிருந்தன. அதற்கு ஈடாக வட்டாரம் பெரிதாக வளரவில்லை, கடைகள் ஊர்விட்டு ஊர் மாறின, அவ்வளவுதான். ஆய்வைச் செய்தது ஈஸ்ட்-வெஸ்ட் கேட்வே என்ற வட்டாரத் திட்டமிடல் அமைப்பு. வெஸ்ட் ஃப்ளாரிசன்டுக்கு மரமும் சைக்கிள் பாதையும் வரைந்த திட்டமும் அதே அமைப்புடையதுதான்.

அந்தச் சாலையிலேயே எமர்சன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமையகம் இருந்தது. 2014இல் அதன் ஆண்டு விற்பனை ஏறக்குறைய 2,400 கோடி டாலர். இவ்வளவு பெரிய நிறுவனத்தை மடியில் வைத்துக்கொண்டு இந்த நகராட்சி ஏன் ஏழைகளின் சட்டைப்பையைத் துழாவியது என்று வரலாற்றாசிரியர் வால்டர் ஜான்சன் கேட்டார். நம் கேள்வியும் அதுதான்.

எப்படித் துழாவினார்கள் என்பதை அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நூறு பக்கம்தான், மாணவத் தோழர்கள் ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். 2010இல் ஃபெர்குசனின் பொதுநிதி வருவாய் சுமார் 1.1 கோடி டாலர், அதில் அபராதமும் கட்டணமும் 13.8 லட்சம். 2015க்கு நகராட்சி எதிர்பார்த்த அபராத வசூல் 30.9 லட்சம். நிதி அதிகாரி காவல்துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்: டிக்கெட் எழுதுவதைக் கூட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்ற பொருளில். காவல்துறை, நகராட்சியின் வசூல் பிரிவாகவே மாறியிருந்தது. 54 காவலர்களில் நான்கு பேர்தான் கறுப்பினத்தவர்.

2012 முதல் 2014 வரை நிறுத்தப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 விழுக்காடு கறுப்பினத்தவர். கைதானவர்களில் 93 விழுக்காடு. 'சாலையில் நடக்கும் முறை' என்றே ஒரு குற்றம் இருந்தது. அந்தக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 95 விழுக்காடு கறுப்பினத்தவர். அந்த ஒரு குற்றத்துக்கு 302 டாலர் விதித்த வழக்கும் உண்டு. நடப்பவரை நினைக்காமல் போட்ட சாலையில் நடந்ததற்கு அபராதம்!

ஒரு பெண்ணின் கதை அறிக்கையில் இருக்கிறது, பெயர் இல்லை. 2007இல் காரைத் தவறாக நிறுத்தியதற்கு இரண்டு டிக்கெட்டுகள், 151 டாலரும் கட்டணமும். அவரிடம் வீடு நிலையாக இல்லை, பணம் இல்லை. தவணைக்கு வர முடியாமல் போன ஒவ்வொரு முறையும் புதிய குற்றம், புதிய அபராதம், வாரண்ட். சிறையிலும் இருந்தார். 25, 50 டாலராகக் கொடுக்கப் பார்த்தபோது முழுத்தொகை வேண்டும் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. ஏழு ஆண்டுகளில் 550 டாலர் கட்டிய பிறகும் 541 டாலர் பாக்கி. நம் ஊரில் இதற்குக் கந்துவட்டி என்று பெயர். சுமார் 21,000 பேர் வாழ்ந்த அந்த ஊரின் நீதிமன்றம் பிறப்பித்த கைது வாரண்டுகள் 2014 டிசம்பரில் 16,000க்கும் மேற்பட்டோர் மீது நிலுவையில் இருந்தன. வெளியூர்க்காரர்களும் அதில் உண்டு. அந்தச் சாலை வழியே போனவர்கள்.

ஆகவே 'சரிந்த' அந்தச் சாலையிலிருந்து நகராட்சிக்கு நன்றாகவே பணம் வந்துகொண்டிருந்தது. கடையிலிருந்து வராத காசை ஓட்டுபவரிடமும் நடப்பவரிடமும் பறித்தார்கள். இந்தக் கணக்கைத் தொடாமல் நடைபாதையை அகலப்படுத்துவதைப் பற்றி நமக்கு ஒரு தயக்கம் உண்டு. நடைபாதை வேண்டாம் என்பதல்ல, அந்த ஊரில் அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் சாலை அழகானதும் வாடகை ஏறினால் பேருந்துக்குக் காத்திருந்தவர் அங்கேயே இருப்பாரா என்ற கேள்விக்கு மரங்கள் வரைந்த படத்தில் பதில் இல்லை.

மறுசீரமைத்த சாலை யாருக்குப் பயன்படும் என்பதற்கு அதே சாலையில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. 1955இன் அந்த நார்த்லாண்டு வளாகத்தை 2005இல் இடித்துவிட்டு, டார்கெட் கடையோடு ஒரு புதிய வளாகம் கட்டினார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. 2014 ஆகஸ்டில் போராட்டக்காரர்களை ஒடுக்க வந்த காவல் படைகள் தங்கள் கட்டளை மையத்தை அமைத்தது அந்த வளாகத்தின் கார் நிறுத்தத்தில்தான். கவச வண்டிகள் நிற்க நல்ல விசாலமான இடம்.

போராட்டம் வீணாகவில்லை. அபராத வருவாய்க்கு உச்சவரம்பு விதித்து 2015இல் மாநிலச் சட்டம் வந்தது. 2016இல் நீதித்துறையோடு ஃபெர்குசன் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. எரிந்த பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் அர்பன் லீக் என்ற கறுப்பின அமைப்பு இளைஞர்களுக்கான வேலைப்பயிற்சி மையத்தை 2017இல் திறந்தது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். அவர்களது ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

அபராத வசூல் சரிந்ததும் ஃபெர்குசன் நகராட்சியின் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 2016 ஏப்ரலில் இரண்டு முன்மொழிவுகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஒன்று சொத்து வரியை உயர்த்துவது, மற்றது விற்பனை வரியை உயர்த்துவது. சொத்து வைத்திருப்பவர் கொடுக்க வேண்டிய முதலாவது தோற்றது. வெஸ்ட் ஃப்ளாரிசன்டில் பால் வாங்கப் போகிறவரும் கொடுக்க வேண்டிய இரண்டாவது வென்றது.