விறைப்பூசியும் தோளில் ஏறிய வாய்வும்

ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் ஊர்களில் ஒன்று மாம்புரி. சில காலத்துக்கு முன்னர் அங்கே, கருப்பை தொடர்பான சிறுதுளைச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்த ஒரு தாயைச் சந்தித்தேன். "வெட்டின இடம் அவ்வளவாக நோகவில்லை ஐயா, தோள்மூட்டுத்தான் கொல்லுது. வாய்வு ஏறிவிட்டது" என்றார். வீட்டார் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தனர்.

நகைக்க வேண்டாம். அவர் சொன்னது ஏறக்குறைய உண்மையே. இச்சிகிச்சையில் வயிற்றினுள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தியே இடம் உண்டாக்குகின்றனர். எஞ்சிய வாயு பிரிமென்றகட்டை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே பகுதியில் வேர்கொண்டவை. ஆகவே வயிற்றின் உறுத்தல் தோளின் வலியாக உணரப்படுகிறது. துளையிட்ட இடத்தில் இடப்படும் விறைப்பூசி அங்கே எட்டாது.

விறைப்பூசியின் வரலாறு சுவையானது. பெண்களின் பேற்று வலியைத் தணிக்க எடின்பரோவில் சிம்சன் குளோரோபோமைக் கையாண்டது 1847 இல். அதே ஆண்டிலேயே சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மோன்செலின் பிரசவ வைத்திய நூல் 1857 இல் தமிழில் வெளிவந்தது அவர் முயற்சியாலேயே. ஆனால் குளோரோபோம் முழு உடலையும் உறங்கவைப்பது. ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழியை, கொக்கேயின் துளிகளைக் கண்ணில் இட்டு, கார்ல் கொல்லர் 1884 இல் காட்டினார். கிறீன் மறைந்ததும் அவ்வாண்டிலேதான்.

கொக்கேயின் நஞ்சு, பழக்கத்திற்கும் அடிமையாக்கும். பாதுகாப்பான மாற்றாக லிக்னோகேனை 1943 இல் உருவாக்கியவர் சுவீடனின் லொப்கிறன். நெடுநேரம் நிற்கும் புப்பிவக்கேன் 1957 இல், அதுவும் சுவீடனில். வயிற்றுக்குள் குழாய்க் கண்ணாடி செலுத்திப் பார்த்து 1910 இல் எழுதிய ஜக்கோபியசும் அந்நாட்டவரே! பெண் நோயியலில் அதனை வளர்த்தெடுத்தவர் பாரிசின் ராவுல் பால்மர்.

இவ்விரண்டும் சேர்ந்தபோது நன்மையும் வந்தது, அவசரமும் வந்தது. விறைப்பூசி போதுமென்றால் மயக்க மருந்து நிபுணர் தேவையில்லை; ஒரே நாளில் பலருக்குக் கருத்தடை செய்யலாம் என்ற எண்ணம் இந்திய முகாம்களில் வேரூன்றியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் சிகிச்சை செய்யப்பட்டது. 13 பேர் மாண்டனர். கிருமித் தொற்றா, நச்சுக் கலந்த மாத்திரையா என்று வாதம் எழுந்தது. விறைப்பூசியைக் குற்றஞ்சாட்டுவதற்கில்லை, எனினும் அந்த வேகத்துக்கு வழிவிட்டவற்றில் அதுவும் ஒன்று என்பேன். மூன்றாண்டுகளுக்குள் முகாம் முறையை ஒழிக்குமாறு 2016 இல் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது.

துளையின் ஓரங்களில் புப்பிவக்கேன் இட்டால் முதற் சில மணி நேரம் வலி குறைகிறது. பின்னர் மருந்து தேய்கிறது. பெரும்பாலும் இரவில், வைத்தியரோ தாதியரோ அருகில் இல்லாத வேளையில். அவ்வேளைக்கு முன்னரே வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட வேண்டும். வயிற்றறைக்குள்ளேயே இம்மருந்தைத் தெளித்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை.

மாம்புரித் தாயிடம் இவற்றுள் எதையும் எவரும் சொல்லி அனுப்பவில்லை. இதயத்தில் ஏதோ நேர்ந்துவிட்டதென்று ஓர் இரவு முழுவதும் அஞ்சிக் கிடந்தாராம். மூன்றாம் நாள் வலி தானாகவே தணிந்தது. எண்ணெயின் மகிமை என்றே அவர் இன்றும் நம்புகிறார்.