குடையோடு பனிக்குள் போனவர்

1855 அக்டோபர் இறுதியில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஒருவர், கையில் ஒரு குடையுடன், தன்னந்தனியாக வாஷிங்டன் மலைமீது ஏறினார். பெயர் பெஞ்சமின் பால். சீனாவையும் மணிலாவையும் சுற்றிவந்து அந்த ஆண்டுதான் ஒரு பயண நூலை வெளியிட்டிருந்தார். கீழை உலகத்தையே பார்த்துத் திரும்பியவருக்கு உள்ளூர் மலை ஒரு பொருட்டாகத் தோன்றியிருக்காது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வெண்மலைத் தொடரில் மிக உயர்ந்ததாகிய அதன் உயரம் 1,917 மீட்டர். நம் தொட்டபெட்டா அதைவிட எழுநூறு மீட்டர் உயரம்.

உச்சிக்கு அருகே புயல் அவரைப் பிடித்துக்கொண்டது. பாதை மறைந்தது. ஒரு பாறைக்கும் குட்டையான ஊசியிலைப் புதர்களுக்கும் இடையே புகுந்து, குடையைக் கூரையாக விரித்துக் கட்டி, உணவின்றி, உறங்கினால் இறந்துவிடுவோம் என்ற அச்சத்தில் விழித்தபடியே இரண்டு இரவுகளைக் கழித்தார். தேடி வந்தவர்கள் கண்டபோது கைகால்கள் உறைந்திருந்தன, உயிர் இருந்தது. மறு ஆண்டே அந்த மூன்று நாட்களைப் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டார். (எழுத்தாளர்கள் எதையும் வீணாக்குவதில்லை.)

இன்று குளிர்காலத்தில் முதுகுப்பையுடன் இதே மலைகளுக்குப் பகல் நடையாகவும் இரவுத் தங்கலாகவும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் தேட வேண்டுமென்றால் நான் பாலின் குடையிலிருந்துதான் தொடங்குவேன். குளிர்காலத்துக்குள் இன்பத்துக்காக நடந்து போகலாம் என்ற எண்ணம் அப்போது ஏறக்குறைய இல்லை. ஹென்றி தோரோ குளிர்கால நடை பற்றிய தம் கட்டுரையை 1843இல் 'தி டயல்' இதழில் வெளியிட்டிருந்தார் என்பது உண்மை. ஆனால் அது கிராமத்துக் காடுகளிலும் வயல்களிலும் நடந்த நடை; மலையுச்சி அதில் இல்லை.

இங்கே மொழியில் ஒரு சிறு தடை. காலைப் புல்லில் நிற்பதும், மார்கழித் தெருவில் கவிவதும், இடுப்பளவு குவிந்து கிடப்பதும் தமிழில் எல்லாம் பனிதான். வாஷிங்டன் மலைக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. உதிர்ந்து குவியும் வெண்பனி வேறு. மேகத்தின் நீர்த்துளிகள் காற்றில் அடித்து வரப்பட்டுப் பாறையிலும் சுவரிலும் ஒட்டிய கணமே உறைந்து இறகுகளாக வளரும் பனி வேறு. அந்த இறகுகள் காற்றடிக்கும் திசையை எதிர்த்தே நீள்கின்றன. புயல்களின் பாதைகள் பல கூடும் இடத்தில், காற்றுக்குக் குறுக்கே, வடக்கு தெற்காகக் கிடக்கும் மலைத்தொடர் அது. மேலேறும் காற்று நெருக்கப்பட்டு வேகம் கொள்கிறது. 1934 ஏப்ரல் 12 அன்று உச்சியிலுள்ள வானிலை நிலையம் பதிவு செய்த காற்று மணிக்கு 372 கிலோமீட்டர். 1996இல் ஆஸ்திரேலியாவின் பேரோ தீவில் ஒரு புயல் முறியடிக்கும் வரை கருவியால் அளக்கப்பட்ட காற்று வேகங்களில் உலகிலேயே அதுதான் உச்சம்.

குளிர்காலத்தில் அந்த உச்சியை முதலில் அடைந்ததாகப் பதிவில் இருப்பவர் கவிஞரும் அல்லர், வீரரும் அல்லர். உதவி ஷெரீப் ஒருவர். உச்சியில் கோடைக்கால விடுதி நடத்தியவர்களின் சொத்து வழக்கில் ஜப்தி ஆணையை நிறைவேற்ற வேண்டியிருந்தது. லூசியஸ் ஹார்ட்ஷார்ன், பெஞ்சமின் ஆஸ்குட் என்ற வழிகாட்டியுடன் 1858 டிசம்பர் 7 அன்று ஏறினார். சன்னல் வழியாக விடுதிக்குள் நுழைந்தபோது சுவரெல்லாம் பனி இறகுகள். ஆணையை நிறைவேற்றிவிட்டு வெளியே வந்தால் தொலைவில் பனிமேகமொன்று மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருவரும் வேடிக்கை பார்க்க நிற்கவில்லை, இறங்கி ஓடினார்கள். பின்னாளைய மலையேறிகள் பலருக்கு வாய்க்காத புத்தி அது.

1862 பிப்ரவரியில் லங்காஸ்டர் ஊர்க்காரர்கள் மூவர் உச்சியில் இரண்டு இரவுகள் தங்கினர். 1870-71 குளிர்காலம் முழுவதையும் மாநில நிலவியலாளர் சார்லஸ் ஹிட்ச்காக்கின் திட்டப்படி ஜோஷுவா ஹன்டிங்டனும் துணைவர்களும் உச்சியின் ரயில் நிலையக் கட்டடத்தில் கழித்தார்கள். தந்திக் கம்பி வழியாகக் காற்றையும் குளிரையும் கீழே அறிவித்தார்கள். குழுவில் இருந்த ஒளிப்படக்காரர்கள் கிளஃபும் கிம்பாலும் பனி இறகுகளைப் படமெடுத்தார்கள். கீழேயிருந்தவர்கள் அஞ்சி விலகிய பருவத்துக்கு அழகு உண்டு என்பதற்கு அந்தப் படங்கள் சான்றாயின.

1876இல் பாஸ்டனில் அப்பலாச்சியன் மலைக் கழகம் பிறந்தது. 1880களில் அதன் உறுப்பினர்கள், பெண்களும் ஆண்களுமாக, ரயிலேறி வந்து பனியில் நடக்கத் தொடங்கினார்கள். அவர்கள் காலில் கட்டியிருந்த ஸ்நோஷூ அபெனகி போன்ற பழங்குடியினரின் கருவி. சாம்பல் மரச் சட்டத்தில் பதப்படுத்தாத தோல்வாரைப் பின்னி, உடல் எடையைப் பரப்பி, பனியில் புதையாமல் நடக்க வகைசெய்வது. வேட்டைக்கும் பிழைப்புக்கும் உரியதாக இருந்தது நகரத்தாரின் விடுமுறைப் பொருளாயிற்று. கடனைக் குறிப்பிட்டவர்கள் குறைவு.

இந்த மலையில் குளிர்காலம் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. 1900 ஜூன் 30 அன்று உச்சியில் நடக்கவிருந்த கழகக் கூட்டத்துக்கு நடந்துபோன வில்லியம் கர்டிஸும் ஆலன் ஆர்ம்ஸ்பீயும் பனிப்புயலில் இறந்தார்கள். கர்டிஸ் புகழ்பெற்ற உடற்பயிற்சி வீரர். கடுங்குளிரிலும் மெல்லிய உடையில் திரிபவர். ஆர்ம்ஸ்பீ விழுந்து கிடந்த இடத்திலிருந்து உச்சிக் கட்டடங்கள் வெகு தொலைவில் இல்லை. அடுத்த ஆண்டே அந்தப் பாதையில் ஒரு புகலிடக் கூடு எழுந்தது.

அதன் பிறகு வந்த அறிவெல்லாம் சிறு சிறு அறிவு. வியர்க்குமுன் ஓர் உடையைக் கழற்று. நனைந்த பருத்தி குளிரில் பகை. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வை, பனிக்கட்டி மேல்பக்கம்தான் முதலில் உருவாகும். காலணியின் உட்பகுதியை உறங்குபைக்குள் வைத்துக்கொண்டு தூங்கு. டிசம்பரில் நான்கு மணி கடந்ததும் கதிரவன் மறைந்துவிடும், திரும்பும் நேரத்தை ஏறுமுன்பே முடிவு செய். இந்த அறிவோடு நடந்தவர்களில் என் மனத்துக்கு நெருங்கியவர் மிரியம் அண்டர்ஹில். 1930களில் ஆண் துணையின்றிப் பெண்களாகவே ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறிக் காட்டியவர். வெண்மலைகளில் நாலாயிரம் அடிக்கு மேற்பட்டவை என்று அன்று பட்டியலிடப்பட்ட 46 சிகரங்களையும் குளிர்காலத்தில் ஏறி முடித்த முதல் இருவர் அவரும் கணவர் ராபர்ட்டும்தான். நிறைவு செய்தது 1960 டிசம்பரில். அவருக்கு வயது 62, கணவருக்கு 71.

1982 ஜனவரி. ஹ்யூ ஹெர், ஜெஃப் பாட்ஸர் என்ற இளைஞர்கள் இருவர் ஹன்டிங்டனின் பெயர் தாங்கிய பள்ளத்தாக்கில் பனிச்சுவர் ஏறினார்கள். சுமை குறைய வேண்டுமென்று உறங்குபையைக் கீழேயே விட்டிருந்தார்கள். மேலே புயல். திசை தவறி மலையின் மறுபக்கம், பெரும்பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டார்கள். மூன்று இரவுகள்.

அவர்களைத் தேடிப் போனவர்களில் ஆல்பர்ட் டௌ ஒருவர். தன்னார்வலர்; வயது 28. மலையின் இந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு அவரைப் புதைத்துக் கொன்றது. அவர் தேடியவர்கள் அந்தப் பக்கத்தில் இருக்கவே இல்லை.

ஹெர் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். செயற்கைக் கால்களுடன் மீண்டும் பாறை ஏறினார், பின்னர் எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, பிறருக்கு மின்விசைக் கால்களை வடிவமைக்கிறார். பெரும் சாதனைதான், அவரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் இதை எழுத உட்கார்ந்தது டௌவுக்காக. தனியொருவரின் இன்பம் எனத் தொடங்கும் நடைக்கு இன்னொருவர் ஈடு கொடுக்க நேர்வதை இந்த வரலாற்றில் வேறெங்கும் இவ்வளவு துலக்கமாக நான் படித்ததில்லை. மாநில அரசு பிற்காலத்தில் அலட்சியமாகப் போய்ச் சிக்கியவர்களிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இயற்றியது; 2015இல் அதற்குக் காப்பாக நடைபயணிகளுக்கென விலைக்கு ஓர் அட்டையும் வந்தது. டௌ கொடுத்ததை எந்த அட்டையில் எழுதுவது?

டௌ இறந்த மறுநாள் ஒரு பெண், தேடுதல் குழுவோடு சேராமல், ஸ்நோஷூ கட்டிக்கொண்டு பெரும்பள்ளத்தாக்கில் பகல் நடை போய்க்கொண்டிருந்தார். பனியில் குழம்பிய காலடித் தடங்கள் சில அவர் கண்ணில் பட்டன. என்னவென்று பார்க்க அவற்றின் பின்னே நடந்தார். தடங்கள் முடிந்த இடத்தில் இருவரும் உயிரோடு கிடந்தார்கள்.