கொல்லிமலை அடிவாரமும் மைய அதிகாரமும் (1792–1834)

கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள நாமக்கல், இராசிபுரம், சேந்தமங்கலம் ஆகிய ஊர்கள் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை சேலம் சீமையைச் சேர்ந்திருந்தன. இச்சீமையின் நிலவரியை முடிவு செய்ய வேண்டியது சென்னை மாகாண அரசா, கல்கத்தாவில் இருந்த தலைமை ஆளுநரா என்ற கேள்வி அக்காலத்தில் எழுந்தது. இதே காலத்தில் அமெரிக்காவிலும் கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகார எல்லை குறித்த பூசல் நடந்தது.

சேலம் சீமை கம்பெனி வசமாதல்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். புதிய சீமையின் நிர்வாகத்தைச் சென்னையின் சிவில் அதிகாரிகளிடம் விட தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் விரும்பவில்லை. அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியை அவரே அமர்த்தினார். ரீடின் உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ.

ரீடும் அவருடைய உதவியாளர்களும் நிலங்களை அளந்து, தரம் பிரித்து, உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையை உருவாக்கினர். பின்னாளில் இரயத்துவாரி முறை எனப் பெயர் பெற்றது இதுவே. வரிச்சுமை கடுமையாகவே இருந்தது. எனினும், அரசுக்கும் உழவருக்கும் நடுவே வேறொருவர் நிற்கவில்லை.

மிட்டா முறை

வங்காளத்தில் 1793-இல் நிலையான நிலவரித் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. சென்னை மாகாணமும் அதையே பின்பற்ற வேண்டும் எனக் கல்கத்தா வற்புறுத்தியது. தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி காலத்தில் இந்த வற்புறுத்தல் ஆணையாயிற்று. 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு வடிவம் கொடுத்தது.

சேலம் சீமையில் பழைய ஜமீன்தார்கள் மிகுதியாக இல்லை. எனவே நிலம் மிட்டா என்னும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர் மிட்டாதார் எனப்பட்டார். குறித்த தொகையை ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டுவது அவர் பொறுப்பு. மழை பொய்த்தாலும் தொகை குறையாது. கட்ட முடியாத பல மிட்டாக்கள் மீண்டும் அரசின் கைக்கே வந்தன. வங்காளத்துக்கென வகுத்த திட்டம் இங்கே பொருந்தவில்லை.

1803-இல் சென்னை ஆளுநரான வில்லியம் பெண்டிங்கு இரயத்துவாரி முறையின் பக்கம் சாய்ந்தார். ஆனால் 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியை அடுத்து, 1807-இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். 1820-இல் மன்றோ சென்னை ஆளுநரான பின்னரே இரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாக நிலைபெற்றது. உள்ளூர் அனுபவத்தை முன்வைத்த தரப்பு இவ்வாறு வென்றது.

1833-ஆம் ஆண்டு: இரு நாடுகள்

அமெரிக்காவில் மாநில வரி கூட்டரசின் வங்கியைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1819-இல் தீர்ப்பளித்தது. 1832 நவம்பரில் தென் கரோலினா மாநிலம், கூட்டரசின் சுங்கவரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் அதை ஏற்க மறுத்தார். 1833 மார்ச்சில் படையைப் பயன்படுத்த அதிகாரம் தரும் சட்டமும், சுங்கவரியைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டமும் ஒரே நாளில் நிறைவேறின. மையம் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை; மாநிலத்தின் குறையையும் தள்ளிவிடவில்லை.

அதே 1833-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய பட்டயச் சட்டம், வங்காளத் தலைமை ஆளுநரை இந்தியத் தலைமை ஆளுநராக்கியது. சென்னை, பம்பாய் மாகாணங்களின் சட்டமியற்றும் அதிகாரம் பறிக்கப்பட்டது. புதிய பதவி ஒன்றை உருவாக்கவும் சென்னை அரசு கல்கத்தாவின் முன் அனுமதியைப் பெற வேண்டியதாயிற்று. சட்டம் 1834 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்பதவியில் முதலாவதாக அமர்ந்தவர் முன்னாள் சென்னை ஆளுநர் பெண்டிங்கே.

வேறுபாடும் விளைவும்

இரு நாடுகளிலும் பூசல் ஒன்றே போலத் தோன்றினாலும் அடிப்படை வேறு. தென் கரோலினாவின் பக்கம் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இருந்தனர். அங்கும் அடிமைகளுக்கு வாக்கு இல்லை என்பது மறக்கத்தக்கதன்று. இங்கோ சென்னை, கல்கத்தா ஆகிய இரு தரப்பும் கம்பெனி அதிகாரிகளே. சேந்தமங்கலத்து உழவர் மிட்டாவுக்கு உட்பட்டதும் அதிலிருந்து மீண்டதும் யாரோ எடுத்த முடிவுகளால்தான். மாகாண உரிமைக்காக வாதாடியவரும் உழவரைக் கேட்டு வாதாடவில்லை.

மாகாணங்களின் சட்டமியற்றும் அதிகாரம் 1861-ஆம் ஆண்டு இந்திய ஆட்சிமன்றச் சட்டத்தால் திரும்பக் கிடைத்தது. மக்கள் வாக்கு அதற்கும் மிகப் பிந்தியே வந்தது. கொல்லிமலை மேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் ஊர்த் தொகுதிகளை நாடு என்று அழைப்பர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு முதலிய பெயர்கள் இன்று வாக்கினால் அமையும் ஊராட்சிகளின் பெயர்களாக உள்ளன. 1802-இலும் 1833-இலும் இல்லாதிருந்தது இந்த வாக்குரிமையே.