டுசென் தசைச்சிதைவு நோயின் வரலாறு

டுசென் தசைச்சிதைவு என்பது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் மரபுவழி நோயாகும். ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் குழந்தை அடிக்கடி விழத் தொடங்கும், படியேறத் திணறும். ஆனால் கெண்டைக்கால் மட்டும் திரண்டு உருண்டிருக்கும். பிள்ளைக்கு நல்ல உடற்கட்டு என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நோய் முற்றும்போது அங்கே திரண்டிருப்பது தசை அன்று. தசை இருந்த இடத்தில் சேர்ந்த கொழுப்பும் நாரும்தான்.

நோய்க்குப் பிரெஞ்சு மருத்துவர் டுசென் பெயர் வழங்குகிறது. ஆயினும் அவருக்குப் பத்தாண்டுகள் முன்பே இதைச் சரியாகக் கண்டவர் லண்டன் மருத்துவர் எட்வர்ட் மெரியன். 1851 டிசம்பரில் மருத்துவர் சங்கம் ஒன்றில் அவர் கட்டுரை வாசித்தார். மூன்று குடும்பங்களைச் சேர்ந்த எட்டுச் சிறுவர்களைப் பற்றியது அது. இறந்த சிறுவனின் தண்டுவடத்தையும் நரம்புகளையும் ஆராய்ந்தபோது அவற்றில் குறையேதும் இல்லை. தசையிழையை நுண்ணோக்கியில் பார்த்தபோது அதன் மெல்லிய உறை சிதைந்திருந்தது. நோயின் இருப்பிடம் நரம்பு அன்று, தசையே என்று மெரியன் முடிவு செய்தார். நோய் குடும்பத்தில் தொடர்வதையும், ஆண்பிள்ளைகளையே பிடிப்பதையும் அவர் குறித்துவைத்தார். அன்றைய மருத்துவ உலகம் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கியோம் டுசென் (1806–1875) வேறு வகை மனிதர். பாரிசில் எந்த மருத்துவமனையிலும் நிலையான பதவி இல்லாமல், மின்கருவிப் பெட்டியுடன் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று நோயாளிகளைப் பார்த்தவர். 1861-இல் இந்நோயை விவரித்தபோது அதற்கு மூளையே காரணம் என்று அவர் எழுதினார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. அறுவை செய்யாமலே தசையின் சிறு துணுக்கை எடுக்க ஓர் ஊசியை வடிவமைத்தார். அதுவரை பிணத்தில் மட்டுமே பார்க்க முடிந்ததை உயிருள்ள குழந்தையிடம், நோய் வளர வளர, மீண்டும் மீண்டும் பார்க்க முடிந்தது. 1868-இல் 13 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியபோது தசையே நோயின் இடம் என்று கருத்தை மாற்றிக்கொண்டார். பெயர் அவருக்குக் கிடைத்ததில் முழு அநீதி இல்லை எனலாம்.

1879-இல் வில்லியம் கவர்ஸ், இச்சிறுவர்கள் தரையிலிருந்து எழும் விதத்தை விவரித்தார். முதலில் கைகளை ஊன்றி, பிறகு முழங்காலிலும் தொடையிலும் கைவைத்து, தன் உடல்மீதே ஏறுவதுபோல் எழுவார்கள். இன்றும் மருத்துவர்கள் முதலில் தேடும் அடையாளம் இது. நோய் தாய்வழி வருகிறது என்பதையும் கவர்ஸ் தெளிவாகச் சொன்னார்.

உண்மைதான், ஆனால் பல வீடுகளில் அது தாயின்மீது பழியாக இறங்கியது. குறையுள்ள மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று குறைந்தாலும் மற்றது பெரும்பாலும் ஈடுகட்டும். மகனுக்கு இருப்பது ஒன்றே. எந்த எக்ஸைக் கொடுப்பது என்பது தாயின் கையில் இல்லை. மேலும், மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடம் தாயிடமிருந்து வராமல் புதிதாகவே மாற்றம் தோன்றுகிறது.

பழியைச் சுமந்து உட்கார்ந்துவிடாத தாய் ஒருவர் பிரான்சில் இருந்தார். யோலேன் தெ கெப்பர் என்பவரின் ஏழு குழந்தைகளில் நால்வருக்கு இந்நோய். 1958-இல் அவர் நோயாளிக் குடும்பங்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் 1987 முதல் ஆண்டுதோறும் தொலைக்காட்சி வழியே நிதி திரட்டியது. அப்பணத்தில் 1990-இல் ஜெனெத்தோன் ஆய்வகம் உருவாயிற்று. மனித மரபணுத் தொகுதியின் தொடக்ககால வரைபடங்கள் பல அங்கிருந்துதான் வந்தன. பெற்றோர் திரட்டிய பணம் உலக அறிவியலுக்கே உதவியது என்பது பாடநூல்களில் அதிகம் சொல்லப்படாத செய்தி.

இதற்கிடையே அமெரிக்காவில் லூயிஸ் கங்கெல் குழுவினர் 1986-இல் மரபணுவையும், 1987-இல் அது உருவாக்கும் புரதத்தையும் கண்டறிந்தனர். புரதத்துக்கு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டனர். தசையிழையின் உள்கட்டமைப்பை அதன் உறையோடு பிணைத்து, சுருங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவது அதன் வேலை. அது இல்லையெனில் ஒவ்வோர் அசைவிலும் உறை கிழியும். மெரியன் நுண்ணோக்கியில் கண்ட சிதைந்த உறைக்கு 136 ஆண்டுகள் கழித்து விளக்கம் கிடைத்தது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'டிஸ்ட்ரோபி' என்ற சொல்லுக்கு ஊட்டக்குறை என்பது மூலப்பொருள். இந்நோயோ ஊட்டம் குறைந்து வருவதன்று. சரியாகச் சோறூட்டவில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை. தமிழில் 'சிதைவு' என்றது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

சிகிச்சை மெதுவாகவே வந்தது. ஸ்டீராய்டு மாத்திரை தளர்ச்சியைத் தள்ளிப்போடும் என்பது 1989-இல் உறுதியாயிற்று. பன்னிரண்டு வயதையொட்டிச் சக்கர நாற்காலி, இருபதுக்குள் மரணம் என்றிருந்த நிலை மாறி, மூச்சுக் கருவியும் இதயப் பராமரிப்பும் கிடைக்கும் இடங்களில் முப்பதைக் கடந்து வாழ்வோர் பலர்.

1990-இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பளித்தது. புரதத்துக்கான குறியீட்டில் 46 விழுக்காடு இல்லாத ஒருவர் 61 வயதிலும் நடந்துகொண்டிருந்தார். பாதிப் புரதம் இருந்தாலே போதுமோ என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. முழு மரபணு மிகப் பெரியது. அதைச் சுமந்து செல்லும் வைரசுக்குள் அடங்காது. எனவே சுருக்கிய வடிவம் ஒன்றை உருவாக்கினர். அமெரிக்காவில் 2023-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. நடக்கும் ஆற்றலை இழந்திருந்த இரு சிறுவர்கள் அச்சிகிச்சைக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்ததால், 2025-இல் நடக்கக்கூடிய குழந்தைகளுக்கு மட்டும் என்று அந்த அனுமதி சுருக்கப்பட்டது.