அமிலத்தால் மறைந்த சர்க்கரை: ஃபீபஸ் லெவீனும் நியூக்ளிக் அமில ஆய்வும் (1909–1929)

முன்னுரை

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய இரண்டும் தம் சர்க்கரைகளாலேயே பெயர் பெற்றவை. எனினும் மூலக்கூற்று உயிரியலின் வரலாறு பெரும்பாலும் காரங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அச்சர்க்கரைகளை இனங்கண்ட ஃபீபஸ் லெவீனோ (1869–1940), பிழையென்று பின்னர் தள்ளப்பட்ட நான்கு நியூக்ளியோடைடுக் கோட்பாட்டின் வழியாகவே மிகுதியும் நினைக்கப்படுகிறார். ரைபோஸ் அறியப்பட்ட பின் டீஆக்சிரைபோஸ் அறியப்பட இருபது ஆண்டுகள் ஏன் ஆயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஈஸ்ட்டின் சர்க்கரை

1891-இல் எமில் ஃபிஷரும் ஆஸ்கர் பிலோட்டியும் ஆய்வகத்தில் ஒரு புதிய சர்க்கரையைப் பெற்றனர். அராபினோஸ் என்னும் சொல்லின் எழுத்துகளை மாற்றியமைத்து அதற்கு ரைபோஸ் எனப் பெயரிட்டனர். 1909-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் லெவீனும் வால்டர் ஜேக்கப்சும், ஈஸ்ட் நியூக்ளிக் அமிலத்தில் உள்ள ஐங்கரிமச் சர்க்கரை டி-ரைபோஸே என நிறுவினர்.

தைமசின் சர்க்கரை

கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து பெறப்பட்ட அமிலம் அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. அதை அமிலத்துடன் சூடாக்கியபோது சர்க்கரை சிதைந்து, லெவுலினிக் அமிலமே எஞ்சியது. அறுகரிமச் சர்க்கரைகள் அவ்வாறு சிதைவது முன்பே அறியப்பட்டிருந்ததால், தைமசில் இருப்பதும் அறுகரிமச் சர்க்கரையே என வேதியியலார் கொண்டனர். ஆக்சிஜன் குறைந்த ஐங்கரிமச் சர்க்கரையும் அதே விளைபொருளைத் தரும் என்பது அன்று கருதப்படவில்லை.

இப்பிழை வேதியியலோடு நிற்கவில்லை. ஈஸ்ட் அமிலம் தாவரங்களுக்கும் தைமஸ் அமிலம் விலங்குகளுக்கும் உரியவை என்ற பாகுபாட்டிற்கும் அது துணைநின்றது. விலங்கின் கணையத்தில் ஐங்கரிமச் சர்க்கரை உண்டென்பது 1894-லேயே தெரிந்திருந்தும் அது விதிவிலக்காகவே ஒதுக்கப்பட்டது. வகைப்பாடு வேரூன்றிய பின் முரண்சான்று படும்பாடு இதுதான் போலும். 1924-இல் ராபர்ட் ஃபாய்ல்கன் தம் நிறவினையைத் தாவர உட்கருக்களிலும் காட்டியபோதுதான் அப்பாகுபாடு ஆட்டங்கண்டது. மென்மையான அமிலச் சிதைவில் பியூரின்கள் நீங்க, வெளிப்படும் சர்க்கரையின் ஆல்டிஹைடே அந்நிறத்திற்குக் காரணம்.

1929-இல் லெவீனும் எஃபிம் லண்டனும் அமிலத்திற்கு மாற்றாக நொதிகளை நாடினர். தைமஸ் அமிலக் கரைசலை நாயின் செரிமானப் பாதை வழியே செலுத்தி, சிதையாத நியூக்ளியோசைடுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றிலிருந்து கிடைத்த சர்க்கரை, ரைபோஸைவிட ஓர் ஆக்சிஜன் அணு குறைந்த டீஆக்சிரைபோஸ்.

பிழையின் மூலம்

லெவீனின் சாதனையையும் பிழையையும் தனித்தனியே மதிப்பிடுவது வழக்கம்; அது பொருந்தாது என்பதே என் கருத்து. சர்க்கரையை மறைத்த கடுமையான வேதிமுறைகளே நீண்ட சங்கிலிகளையும் துண்டாக்கி, நான்கு நியூக்ளியோடைடுகளால் ஆன சிறு மூலக்கூறு என்ற எண்ணத்திற்கு இடமளித்தன. 1938-இல் சிக்னர், காஸ்பர்சன், ஹம்மார்ஸ்டன் ஆகியோர், சிதையாதவாறு பிரித்தெடுத்த தைமஸ் அமிலத்தின் மூலக்கூறு எடை 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை இருக்கும் எனக் கணித்தனர்.